தலை நரம்பு

1938, ஐப்பசி 14.

ராஜபாளையத்து ஜவுளிக்கடை ராவுத்தர் இன்று மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். போன வாரம் அவர், "தலை நரம்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றதைத் தமிழ் தெரியாத டாக்டரம்மாவுக்கு இங்கிலீஷில் சொன்னவன் நான்தான். 'நெர்வ்' என்று சொன்னேன். டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுக்கவே இல்லை. நரம்பு டானிக் எழுதிக் கொடுத்தார்.

ராவுத்தர் இன்று அந்தப் பாட்டிலை என் மேஜையில் வைத்தார். தக்கைகூடத் திறக்கவில்லை.

"கோவிச்சுக்கிடாதீரும், கம்பவுண்டரே. பிளவக்கல் மலையில எடுத்த சர்ப்பகந்தி வேரை அவிச்சுக் குடிச்சேன். துடிப்பு அம்புட்டும் அடங்கிருச்சு."

நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக் காட்டினார். "இந்தா, ரத்தம் ஓடுத இந்த நரம்பைத்தான் அன்னைக்குச் சொன்னேன்."

ரத்தக்குழாயைச் சொல்லியிருக்கிறார். நம் பேச்சில் 'நெர்வ்', ரத்தக்குழாய் இரண்டுமே நரம்புதான். அந்த வேர் மண்டைக்குள் ஓடும் குழாய்களைத் தளர்த்துகிறதோ என்னவோ. அன்றைக்கே ரத்தக்குழாய் என்று நான் சொல்லியிருந்தால் டாக்டரம்மா உடனே ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்திருப்பார்.

"என்ன சொல்கிறார்?" என்று டாக்டரம்மா கேட்டார். டானிக்கில் குணமாகிவிட்டதாம் என்றேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்து மகாராஜபுரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுக்கும் தலை நரம்பு தெறிக்கிறதாம். டாக்டரம்மா அதே டானிக்கைக் கொடுக்கச் சொன்னார். ராவுத்தர் வைத்துவிட்டுப் போன பாட்டிலையே எடுத்துக் கொடுத்தேன்.

எந்த நரம்பு என்று அவளிடம் நான் கேட்கவில்லை.