ரத்தத்தின் மேல் நான் போட்ட பழி

என் அன்புத் தங்கை சரோஜா,

நீ கண்ணை மூடி ஆறு வருஷம் ஆகிறது. உன் பையன் குமாருக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பெண் வேங்கிக்காலில் டைப்பிஸ்ட். அவளுக்குச் சம்மதம். இவன்தான் வேண்டாம் என்கிறான். இது நான்காவது வரன்.

போன வாரம் ஏன் என்று கேட்டேன். "எனக்குப் பொறக்கிறதும் எங்கப்பா மாதிரி வந்துட்டா? நீங்கதானே மாமா படம் போட்டுக் காட்டினீங்க" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கையிலிருந்த காபியைக் கீழே வைத்தேன்.

அந்தப் படத்தை நீ மறந்திருக்க மாட்டாய். என் மகள் கலாவைக் குமாருக்குக் கேட்டு, உரிமையோடு வெற்றிலைத் தட்டுடன் வந்தாய். குமார் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். விலங்கியல் வாத்தியாரான நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, குமாரின் வம்சாவளிப் படம் போட்டேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கொலைக் கேசில் ஜெயிலுக்குப் போன உன் வீட்டுக்காரரின் சதுரத்தையும், அடிதடிக்குப் பேர்போன அவர் அப்பாவின் சதுரத்தையும் ஸ்கேல் வைத்துக் கறுப்பாக்கினேன். குமாரின் சதுரத்தில் கேள்விக்குறி போட்டேன்.

"இந்த குணமெல்லாம் ரத்தத்துல வருதுன்னு ஆராய்ச்சி சொல்லுதும்மா" என்றேன்.

"பாதி அவரு ரத்தம்னா மீதி பாதி யாருதுண்ணா? நம்ம அப்பா அம்மாவ இதுல எங்க காணோம்?" என்று கேட்டாய். நான் பேனாவை மூடினேன். "இவ்ளோ படிச்சிட்டு பாதிதான் வரைஞ்சிருக்கியே, வாத்தியாரே" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு கிளம்பினாய்.

ஆராய்ச்சி என்று நான் சொன்னது ஒரு வாரப் பத்திரிகையில் படித்த அரைப் பக்கம். கொலைக்கென்று தனியாக ஒரு ஜீன் கிடையாது என்பது அன்றே எனக்குத் தெரியும். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலாவது பாடப்புத்தகம் என் பக்கம் இருந்திருக்கும். அதை ஏன் சொல்லவில்லை?

உன்னிடம் மறைத்ததை இப்போது எழுதுகிறேன். உங்கள் அடி அண்ணாமலை நிலத்தில் தண்ணீர்த் தகராறு நடந்த அன்று நான் மோட்டார் கொட்டகைக்குள் இருந்தேன். பக்கத்து நிலத்துக்காரன்தான் முதலில் அரிவாளை ஓங்கினான். உன் வீட்டுக்காரர் மண்வெட்டியால் தடுத்தார். அது அவன் தலையில் பட்டுவிட்டது. போலீஸ் கேட்டபோது, "நான் எதையும் பாக்கலைங்க" என்றேன். கோர்ட்டு, குறுக்கு விசாரணை, எதிராளியின் ஆட்கள் எல்லாவற்றுக்கும் பயம். அவர் விடுதலையாகி வந்ததும் நீ சம்பந்தம் பேச வந்தாய். அந்த முகத்தைச் சம்பந்தியாக எப்படிப் பார்ப்பேன்? குற்றம் அவர் ரத்தத்தில் இருக்கிறது என்றாகிவிட்டால் நான் பொய் சொன்னது குற்றமாகாது; அதற்குத்தான் அந்தப் படம்.

மனித ஜீன்களை முழுக்கப் படித்துவிட்டதாகச் சமீபத்தில் பேப்பரில் போட்டிருந்தார்கள். நம் அப்பாவும் பயந்த மனிதர்தானே, என் பயமும் அவரிடமிருந்து வந்ததுதானோ என்று ஒரு நிமிஷம் ஆறுதல் தேடினேன். உடனே வெட்கமாகிவிட்டது. ரத்தத்தைக் காட்டி உன் பிள்ளையைத் தள்ளிய நான், அதே ரத்தத்தைக் காட்டித் தப்பிக்கலாமா?

நாளைக் காலை உன் வீட்டுக்குப் போகிறேன். குமாரிடம் மட்டும் தனியாகச் சொல்வது எனக்குச் சுலபம். அப்படிச் செய்ய மாட்டேன். அவன் அப்பாவையும் எதிரில் உட்காரவைத்து, நான் பார்த்ததைச் சொல்வேன். இரண்டு பேரும் என்னை வெளியே போகச் சொல்லலாம். முழுதும் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன், சரோஜா.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
குமாரின் தாய்மாமன்