கடல் பக்கத்துச் சுவர்

குவைத்
4-3-1975

அன்பு சகினாவுக்கு,

சலாம். நான் நலம், உன் நலத்துக்கு துஆ.

திருவான்மியூரில் வீடு கட்டும் வேலையை நீ நிறுத்திவிட்டதாக மாணிக்கவாசகம் மேஸ்திரி எழுதியிருக்கிறார். யாரைக் கேட்டு நிறுத்தினாய்? படுக்கையறைக்கு ஜன்னல் எதற்கு? நான் அனுப்பப்போகும் ஏ.சி.யின் குளிர்ச்சி வெளியே போகவா? இங்கே யாரும் ஜன்னலைத் திறப்பதே இல்லை. நான் போட்ட பிளானில் கைவைக்காதே. மெஷினுக்கு ஓட்டை மட்டும் விடச் சொல்.

உன் ஷஃபியுல்லா

மயிலாப்பூர்
17-3-1975

மச்சான் அவர்களுக்கு,

சலாம். நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

இங்கே மின்வெட்டு என்று எத்தனை கடிதத்தில் எழுதினேன்? நேற்றுப் பகல் முழுக்க ஃபேன் சுற்றவில்லை. கரண்ட் போனால் உங்கள் ஏ.சி.க்கு நான் விசிறி வீசவா? வருடத்தில் ஒரு மாதம் வருகிறவருக்குக் குளிர வேண்டும் என்று மற்ற மாதமெல்லாம் நான் வேக வேண்டுமா? மேஸ்திரியே சிரிக்கிறார்: "இன்னாம்மா இது, ரூமா, பீரோவா?"

பிளானை விரித்துப் பார்த்தேன். வடக்கு தெற்கு குறிக்காமல் கிப்லாவுக்கு மட்டும் அம்பு போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்துத் தொழ நின்றால் கடல் இடது கைப்பக்கம் வருகிறது. அது குவைத்தில், மச்சான்! இங்கே நாம் மேற்கே பார்த்துத் தொழுகிறோம். கடல் முதுகுக்குப் பின்னால். அம்பை நம்பி மேஸ்திரி கட்டிவிட்டார். கடல் காற்றுக்கென்று வைத்த கூடத்து ஜன்னல்கள் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கின்றன. ஜன்னலில்லாத படுக்கையறைச் சுவர் கடலை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

பிறந்த ஊரில் கடல் எந்தப் பக்கம் என்று மறந்தவர், எனக்கு வீடு வரைகிறீர்கள்.

சகினா

குவைத்
29-3-1975

சகினா,

அம்பு தப்புதான். அதற்காகப் புருஷனை மேஸ்திரி முன்னால் கேலி செய்வதா? கட்டிய சுவர் அப்படியே இருக்கட்டும். ஏ.சி. கப்பலில் ஏறிவிட்டது. மே மாத லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருடம் நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன். அதுவரை ஒரு செங்கல் அசையக்கூடாது.

ஷஃபியுல்லா

திருவான்மியூர்
14-4-1975

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வேலை நடக்கும் இடத்திலேயே படித்தேன். அடுத்த வருடமாம்!

"இடிக்கலாமாம்மா? வூட்டுக்காரரு இன்னா சொல்றாரு?" என்று மேஸ்திரி கேட்டார்.

"வீட்டில் இருக்கப்போறவங்கதானே வீட்டுக்காரர்? நான் சொல்றேன், இடிங்க" என்றேன்.

அந்தப் படுக்கையறைச் சுவரில் மூன்று ஜன்னல் வைத்தாயிற்று. வெயில் உள்ளே இறங்காமல் மொட்டை மாடியில் தட்டோடுகள் பதிக்கிறார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் இனி பகலில் விளக்குப் போட வேண்டியிருக்காது. மத்தியானம் கடல் காற்று உள்ளே வந்தபோது சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். கோபம் மட்டும் போகவில்லை.

கப்பலில் வரும் மெஷினை எடுக்க நான் துறைமுகம் போகமாட்டேன், வேண்டியவருக்குக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் வரும்போது உங்களை அழைக்க மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வருவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

சகினா