சாட்சி தயங்கவில்லை

3 நவ., திங்கள். விடியலிலிருந்து தூறல்.

த. கருணாகரன், வயது ஐம்பது, சிதம்பரம். தணிக்கைப் பணி. திக்குவாய், பிறவியிலிருந்தே. இப்பதிவுகளின் நோக்கம்: கடலூர் நீதிமன்றத்தில் நான் கேட்பதையும் அவர்கள் தருவதையும் உள்ளது உள்ளபடி குறித்துவைப்பது.

விவரம். என் முன்னாள் மேலதிகாரி, மறைந்த தேவசகாயம் சார், தம் முதுநகர் வீட்டை, கடைசிவரை தம்மைப் பார்த்துக்கொண்ட விதவை மருமகள் ஸ்டெல்லாவுக்கு எழுதிவைத்தார். உயிலுக்குச் சாட்சிகள் இருவர். மற்றவர் காலமாகிவிட்டார். சாரின் அண்ணன் மகன்கள் உயிலே பொய் என்கிறார்கள். அவர் கையெழுத்திட்டதைப் பார்த்தவன் இப்போது நான் ஒருவனே. என் சொல் நின்றால் ஸ்டெல்லாவுக்கு வீடு நிற்கும்.

அச்சம் ஒன்றுதான். நான் திக்குவதைத் தயக்கம் என்று பதிவார்கள். தயங்கும் சாட்சியை யார் நம்புவார்?

மனைவியின் தம்பி முருகேசன்: "மாமா, நீங்க கூண்டுல ஏறுனா ஜட்ஜம்மா டிபன் பாக்ஸோடதான் உக்காரணும்." சிரித்தேன். "நானும் வர்றேன். நீங்க ஆரம்பிச்சி வுடுங்க, நான் முடிச்சிடுறேன்." இதற்குச் சிரிக்கவில்லை.

6 நவ., வியாழன். மழை இல்லை, புழுக்கம்.

கடலூர். மனு தாக்கல். வாசகம் என்னுடையது; வக்கீல் ஒரு காற்புள்ளி மட்டும் மாற்றினார் (தவறாக). கோரிக்கைகள்:

1. பெயர் கூப்பிடும்போது குரல் கொடுப்பதற்குப் பதில் எழுந்து நிற்பேன். மூன்று முறை கூப்பிட்டு முடிவதற்குள் என் வாயில் "ஆஜர்" வராது.
2. என் வாக்கியத்தை வேறு எவரும் முடிக்கக் கூடாது.
3. திக்குவதை என் நடத்தைக் குறிப்பாகப் பதியக் கூடாது.

மனு வாங்கிய எழுத்தர்: "கை கால்லாம் நல்லாத்தானே இருக்கு சார். இன்னா ஊனம்?" வாயைத் திறந்து விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே முத்திரை குத்திவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் நின்றபடி. கால்வலி.

12 நவ., புதன்.

மனு அனுமதிக்கப்பட்டது. மூன்றும். வக்கீலின் செய்தியை இரண்டு முறை படித்தேன். வெள்ளைச் சட்டை இஸ்திரிக்கு.

19 நவ., புதன். கனமழை. ஆலப்பாக்கம் அருகே பஸ் ஊர்ந்தது.

11.40. பெயர் கூப்பிட்டார்கள். எழுந்தேன். போதுமானதாக இருந்தது.

குறுக்கு விசாரணை. எதிர் வக்கீல்: "சிம்பிள் கேள்வி சார். கையெழுத்துப் போட்டப்ப பெரியவர் சுயநினைவோட இருந்தாரா?"

முதல் எழுத்திலேயே அடைப்பு. மின்விசிறி. யாரோ இருமல். பொறுக்காமல் எழுந்தவர் நம் வக்கீலே: "இருந்தாருன்னு சொல்றாருங்க."

நீதிபதி அம்மா: "நீங்க உக்காருங்க. அவர் சொல்வார்."

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. சொன்னேன்: "இருந்தாரு. பேனா எழுதலன்னு உதறுனாரு. என் சட்டையில மை தெறிச்சிடுச்சி. 'மன்னிச்சிக்க தம்பி, உன் சம்சாரம் என்னைத்தான் திட்டப்போறா'ன்னாரு."

கூடத்தில் சிரிப்பு. ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது சாரின் பேச்சேதான். வக்கீல் முடித்துவைத்திருந்தால் "இருந்தார்" என்ற ஒற்றைச் சொல்லோடு போயிருக்கும்.

எதிர் வக்கீல் உடனே, "சாட்சி தயங்கித் தயங்கிப் பதில் சொல்றார்" என்றார்.  கையெழுத்துக்கு நீட்டிய அன்றைய வாக்குமூலத்தில் அவ்வரி தட்டச்சாகியிருந்தது. பேனாவைக் கீழே வைத்தேன்.

"என்ன சார்?" நீதிபதி.

அவ்வரியில் விரல் வைத்தேன். "நான் த-த-தயங்கல. திக்குனேன்."

மனுவின் உத்தரவை எடுத்துப் பார்த்தார். தாமே அவ்வரியை அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார். அதன்பின் என் கையெழுத்து, ஒவ்வொரு பக்கத்திலும், முழுப்பெயராக.

வெளியே ஸ்டெல்லா: "அண்ணா, ரொம்ப கஷ்டப்படுத்திட்டேனா?" இல்லை என்று தலையை மட்டும் அசைக்கவில்லை; வாய்விட்டே சொன்னேன்.

ஐம்பது வயதில் முதன்முறையாக ஒரு கூடம் முழுக்க எனக்காகக் காத்திருந்தது.

மீதிக் குறுக்கு விசாரணை 26, புதன். முருகேசன் துணை வேண்டாம், தனியாகவே போவேன். கேட்கிற ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கியத்தில் பதில் சொல்வேன்.