சுண்ணாம்புக்குள் போன மாதா

இன்று எஸ்பியர்க் நகரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது நம்முடைய பழைய முகாமிருந்த கிராமத்துக் கிறிஸ்தவக் கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால் இரண்டும் வேண்டாம் என்றன, ஆனாலும் இறங்கினேன். ஈரச் சுண்ணாம்பு மணத்தில் நீ வந்து நின்றாய், மச்சான்.

எண்பத்தைந்தில், இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த புதிதில், அகதி முகாமில் நமக்கு ஒரே அறை. நீ மன்னார்க் கத்தோலிக்கன், நான் யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்துக்காரன். உன் மனைவியும் மகளும் ராமேஸ்வரத்துக்குப் படகேறினார்கள் என்பதுதான் உனக்குக் கிடைத்த கடைசிச் செய்தி. கிட்டடியில் கத்தோலிக்கக் கோயில் இல்லாததால் இந்த லுத்தரன் கோயிலுக்குப் போனோம். பனிக்குள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்து வந்தவன் மாதிரி முழங்காலிலேயே உள்ளே போனாய். நான் வெட்கத்தில் கடைசி வாங்கில் ஒளிந்துகொண்டேன்.

உள்ளே மாதாவின் சுரூபமோ படமோ இல்லை, எல்லாம் வெள்ளை. கோயிலைப் பராமரிக்கும் கிழவர் ஆங்கிலத்தில் விளக்கினார். எண்ணூறு வருடக் கற்சுவராம். கத்தோலிக்கக் காலத்தில் தீட்டிய மாதாவும் புனிதர்களும், நாடு மதம் மாறிய பின் சுண்ணாம்புக்குள் போய்விட்டார்களாம். நான் தமிழில் சொல்லச் சொல்ல உன் முகம் தெளிந்தது. எந்தச் சுவர் என்று கேட்காமலே நேரே மேற்குச் சுவருக்குப் போய் நெற்றியை வைத்து, இரண்டு பேரையும் கரை சேர்க்கச் சொல்லி நேர்த்தி வைத்தாய்.

அடுத்த கிழமை கிழவர் என்னைத் தனியே கூப்பிட்டார். கோபுரம் விழுந்து இடிந்த மேற்குச் சுவரைப் பிற்காலத்தில்தான் செங்கல்லால் கட்டினார்களாம். அதில் படமே இல்லை, மாதா இருப்பது வடக்குச் சுவரில், நண்பரிடம் சொல்லிவிடு என்றார்.

நான் சொல்லவில்லை. எந்தச் சுவரானால் என்ன என்று எனக்குள் இருந்த புரட்டஸ்தாந்துக்காரனுக்கு அலட்சியம். பிறகு ஞாயிறு தவறாமல் நீ அங்கே நிற்பதைப் பார்த்தபோது சொல்ல வாய் வரவில்லை.

ஒரு வருடம் கழித்துக் கடிதம் வந்தது. படகு கரை சேரவேயில்லை. நீ அதை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாய்:

"நான் பிழையான இடத்திலையோ நிண்டு மன்றாடினனான்?"

"இல்லை மச்சான், சரியான இடந்தான்."

"அப்ப மாதாவுக்குக் கேட்டிருக்கு," என்றாய்.

அதற்குப் பிறகு நீ எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. மீன் தொழிற்சாலையில் முப்பது வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். மாதா எந்தச் சுவரில் இருந்திருந்தாலும் அந்தப் படகு கவிழ்ந்துதான் இருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். நம்பியும் மனக் களைப்புத் தீரவில்லை.

போன மாதம், உன் கடைசி நாளில், ஆஸ்பத்திரியில் பாதிரியாரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாய். உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லவில்லை.