மாப்பிள்ளைக்கு எல்லாம் கேட்கும்

மார்ச் 3

வலது மணிக்கட்டில் பட்டை போட்டுவிட்டார்கள். ஆறு வாரம் தட்டச்சு கூடாது. பேனா பிடிக்கலாமாம், தினம் அரைப் பக்கம். "இருபத்துநாலு வருஷமா தட்டிட்டே இருந்தா நரம்பு என்னம்மா பண்ணும்?" என்றார் டாக்டர். என் தொழிலே அதுதானே. வாஷிங் மெஷினோ அடுப்போ வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, யாரும் பிரித்துக்கூடப் பார்க்காமல் இழுப்பறையில் போடுவார்களே, அதை எழுதுகிற புண்ணியவதி நான்தான்.

இந்த மாதம் 28க்குள் ஒரு வாஷிங் மெஷினுக்கு எழுதித் தர வேண்டும். எப்படி?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ம்" என்றார்.

மார்ச் 5

மகள் அவள் ஊரில் இருந்தபடியே என் கணினிக்குள் புகுந்து ஒரு மென்பொருளை ஏற்றிக் கொடுத்தாள். "நீ பேசும்மா, அதுவே எழுதிக்கும்." பேசினேன். எழுதியது! நான் தும்மிவிட்டு "அட கடவுளே" என்றதையும் எழுதியது.

பெண் கொண்டுவந்து விட்டதால் மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறேன். நிஜ மாப்பிள்ளை எப்போது வருவாரோ, அதுவரை இவர் இருக்கட்டும். சொன்னதைக் கேட்கிறார், எதிர்த்துப் பேசுவதில்லை.

மார்ச் 7

மாப்பிள்ளையால் லாபமா நஷ்டமா? ஒரு மணி நேரம் பேசுகிறேன், ஒன்றரை மணி நேரம் இடது கையால் திருத்துகிறேன். பேசும்போது நான் ஒரு வாக்கியத்தைக் கூட முடிப்பதில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. "கதவை மூடியதும், அதாவது நல்லா மூடணும், இல்லன்னா என்ன ஆகும்னா..." இதைப் படித்து யார் துணி துவைப்பார்கள்?

முற்றுப்புள்ளி வேண்டுமென்றால் "முற்றுப்புள்ளி" என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு புள்ளி விழுகிறது.

மார்ச் 9

வீட்டுக்காரர் ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகிறது. முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். போக வேண்டிய தேதிக்கு இரண்டு வருடம் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டதற்கு "போதும்னு தோணுச்சு" என்றார், அவ்வளவுதான். வீட்டில் பழுதான சாமான் ஒன்று மிச்சமில்லை. பேச்சு மட்டும் இல்லை. சமையலறையில் நின்று நான் கேட்பதெல்லாம் கிணற்றில் போட்ட கல். மகள் கூப்பிட்டால் "நீயே பேசு" என்று போனை என் பக்கம் தள்ளிவிடுகிறார்.

ஆனால் நான் மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்தால் போதும், டீ டம்ளரோடு வந்து பின்னால் நிற்கிறார். இவருக்கும் பொழுது போக வேண்டுமே.

மார்ச் 12

காய்கறிக் கடையில் "அரை கிலோ வெங்காயம், கால் கிலோ தக்காளி, முற்றுப்புள்ளி" என்று சொல்லிவிட்டேன். "அது தீர்ந்துபோச்சும்மா" என்றார் கடைக்காரர், சிரிக்காமல்.

மார்ச் 15

ஒரு விசேஷம். பேசிக்கொண்டே இருந்தவள், "இந்த வடிகட்டியை எந்தப் பக்கம் திருகணும்னு தெரியலையே" என்று புலம்பினேன். பின்னாலிருந்து பதில் வந்தது: "இடது பக்கம். ஆனா முதல்ல தண்ணியை வடிக்கச் சொல்லு, இல்லன்னா வீடு பூரா குளமாயிடும்." இந்த வாரம் இவர் பேசிய நீளமான வாக்கியம் இதுதான். வாழ்நாளில் எந்த இயந்திரத்தின் புத்தகத்தையும் பிரிக்காத ஆள் இவர், அதுவும் என்னைக் கட்டிக்கொண்டு!

குதூகலத்தில் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பார்த்தபடியே, "இன்னிக்கு வெளியே நடந்துட்டு வரலாமா?" என்றேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் ஜன்னல் கொக்கியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

வாஷிங் மெஷின் என்றால் வாய் திறக்கும். பெண்டாட்டி என்றால் திறக்காது.

மார்ச் 18

இன்று கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். வேண்டுமென்றேதான்.

வேலை நடுவில் மகள் கூப்பிட்டாள். போனை மேசையில் வைத்துப் பேசினேன். இவர் மூன்றடி தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். காதில் விழட்டும் என்றே சொன்னேன்: "உங்கப்பா ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வரலடி. ஒரு அலமாரிதான் வந்திருக்கு. தட்டினாலும் திறக்காது, நகர்த்தினாலும் நகராது."

"அம்மா! அப்பா பக்கத்துலதானே இருக்கார்?"

"இருக்கார். கேட்டுட்டுதான் இருக்கார்."

திருகாணி சுற்றுகிற கை நிற்கவே இல்லை. ஒரு திரும்பல், ஒரு முறைப்பு, ஒன்றுமில்லை. சண்டை போட்டிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். நான் என்ன அவ்வளவு வேண்டாதவளாகிவிட்டேனா?

மார்ச் 24

வரைவை எடிட்டருக்கு அனுப்பினேன். திருத்தித் திருத்திக் கண் பூத்துப்போய்விட்டது. நடுவில் சில பக்கங்களைச் சரியாகப் பார்க்கவில்லை.

மார்ச் 25

காலையில் எடிட்டர் போன். குரலில் ஏதோ ஒரு அடக்கம். "மேடம், ஏழாம் பக்கத்துல ஒரு அலமாரி வருதே, தட்டினாலும் திறக்காதுன்னு... அது எந்த மாடலுக்கு?"

ஐயோ! அன்று மாப்பிள்ளையை நிறுத்தாமலே மகளோடு பேசியிருக்கிறேன். ஒரு சொல் விடாமல் அத்தனையும் எழுதி வைத்திருக்கிறார். மானம் போயிற்று. ஏழாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் பின்னால் டீ வாசனை.

பிறகு,

"அலமாரியா நான்?"

எனக்குச் சுருக்கென்றது. திரும்பாமலே, "அன்னிக்கே கேட்டுட்டுதானே இருந்தீங்க? இப்ப என்ன புதுசா?" என்றேன். நான் சொன்னது திரையில் வரிவரியாக ஏறியது. அது ஏறி முடித்த பிறகு பதில் வந்தது.

"அன்னிக்குக் கேக்கல. இப்பதான் படிக்கிறேன்."

மார்ச் 26

அரைப் பக்கக் கணக்கெல்லாம் இன்று கிடையாது. கை வலித்தால் வலிக்கட்டும்.

இவருக்குக் காது கேட்கவில்லை. இரண்டு வருடமாகவே கொஞ்சம் கொஞ்சமாக. வலது பக்கம் அநேகமாக இல்லை, இடது பக்கம் ஏதோ மிச்சம். முப்பத்தொரு வருடம் மொட்டைமாடி மோட்டார் அறைகளில் நின்ற காது. அறைக்குள் நுழைந்ததும் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார், அதில் அவரை அடிக்க ஆள் இல்லை என்று கூட வேலை செய்தவர்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் ஒரு லிஃப்டைப் பார்த்து எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். கூட இருந்தவர் "என்ன அண்ணே, இந்தக் கிறீச்சு உங்களுக்குக் கேக்கலையா?" என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, உடனே சரி செய்துவிட்டார்கள். அடுத்த வாரமே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

"காதை வச்சுப் பொழைச்சவன், அந்தக் காதே போச்சுன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

என் வாயைப் பார்த்தால் பாதி புரியுமாம். நான்தான் எந்நேரமும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசுகிறவள் ஆயிற்றே. "மாப்பிள்ளை வந்தப்புறம்தான் நீ நாள் பூரா என்ன பேசறேன்னு தெரிஞ்சுது. அதான் வந்து நின்னேன்" என்றார்.

வடிகட்டியும் வடிகுழாயும், அதைக்கூட மூன்று வாரமாக நின்றுகொண்டே படித்திருக்கிறார், நான் பேசியது என்பதற்காக. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனுஷனைப் போய் அலமாரின்னு சொன்னேனே! பக்கத்துலயே இருந்துட்டு இது கூடத் தெரியாம என்ன பொண்டாட்டி நான்?

மார்ச் 27

மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்துவிட்டேன். நான் பேச, மாப்பிள்ளை எழுத, இவர் படித்துப் பதில் சொல்ல. ஐந்து மாத பாக்கி, விடுவேனா? முதல் நாளே சண்டை வந்துவிட்டது, இந்தக் கோடையில் மகள் வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று. நடுவில் இவருடைய பழைய சாம்பல் நிறச் சட்டையைத் தூக்கிப் போடச் சொன்னேன். அதை மட்டும் படிக்காதது போல இருந்துவிட்டார்.

காது டாக்டரிடம் போகலாம் என்றேன். "பார்க்கலாம்" என்றார். அப்படியென்றால் போகமாட்டார் என்று அர்த்தம். மறுபடி சொன்னேன். எழுத்தைப் பெரிதாக்கிச் சொன்னேன்.

மார்ச் 28

அலமாரியை நீக்கிவிட்டுக் கையேட்டை அனுப்பினேன். "முதல்ல தண்ணியை வடிக்கவும்" என்று இவர் சொன்னது அப்படியே முதல் எச்சரிக்கையாகப் போயிருக்கிறது.

ஏப்ரல் 9

ஒருவழியாகக் காது டாக்டரிடம் வந்தார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். நான் வெளியே இருந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் அழுத்தாமலே இருந்தது.

ஏப்ரல் 16

பட்டை கழன்றது. தட்டிப் பார்த்தேன், விரல்கள் பறக்கின்றன. வேலைக்கு இனி மாப்பிள்ளை வேண்டாம். மகளிடம் சொன்னேன். "அப்ப மாசக் கட்டணத்தை நிறுத்திடவா?" என்றாள். காதுக் கருவி வருகிறவரை இருக்கட்டும், சாப்பாட்டு மேசையில் அவருக்கு உத்தியோகம் இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 27

கருவி வந்தது. பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம். நான் எழுதியதல்ல, அதனால் இன்னும் மோசம். இவர் அதை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். முப்பது வருடத்தில் முதல் முறை. பிறகு மாட்டிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்.

நான் பழக்கம் விடாமல் மாப்பிள்ளையை ஓடவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். மகள் லீவு கேட்டிருக்கிறாள் முற்றுப்புள்ளி. அந்தச் சட்டையை நிஜமாகவே தூக்கிப் போட்டுவிட்டேன் முற்றுப்புள்ளி. இவர் திரையைப் பார்க்கவே இல்லை. தட்டில் இருந்து நிமிர்ந்து, "ஏன் நிமிஷத்துக்கு ஒரு தடவை முற்றுப்புள்ளி முற்றுப்புள்ளின்னு சொல்றே?" என்றார்.

இத்தனை நாளும் இவர் பார்த்தது வெறும் புள்ளியைத்தான். சொல்லை இன்றுதான் கேட்கிறார். கை நீட்டி மடிக்கணினியை மூடினேன்.

"அப்புறம், எதுக்கு இப்படிக் கத்தறே? சட்டையைக் கேக்காம தூக்கிப் போட்டுட்டு சத்தம் வேற."

ஒரு மாதமாகக் கத்திக் கத்தி அதுவே என் குரலாகிவிட்டது போலிருக்கிறது. "சாப்பிட்டு முடிக்கிறவரைக்குமாவது அதைக் கழட்டி வைங்களேன்" என்றேன்.

"மாட்டேன். முற்றுப்புள்ளி."