ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஒன்பது கருத்து

4.8.2008, திங்கள்
அறுபத்து மூணு கருத்து! ஒரே நாள்ல! நம்ம ‘காரைக் கடலோரம்’ வெப்சைட் ஆரம்பிச்ச நாளா ஒரு செய்திக்கும் பத்தைத் தாண்டினதில்லை. எல்லாம் பஸ் செய்தியால. காலையில அம்பகரத்தூர் போற பஸ்ஸுல மீன் கூடை ஏத்தலாமா கூடாதான்னு கேட்டிருந்தோம். பஸ் முதலாளி மன்சூர் அலி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஜனங்க எழுதுறதைப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்னு வாக்குக் கொடுத்திருக்கார். சைட்டை நடத்துற அலாவுதீன் பாய் போன்லயே குதிக்கிறார். “டீச்சர், எதைப் போடுறது, எதைத் தூக்குறதுன்னு உங்க பொறுப்பு. பார்த்துச் செய்யுங்க.” நான் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போற பஸ்தான் அது. இன்னிக்கு பிள்ளைங்க நோட்டைத் திருத்தவே மனசு ஓடலை.

6.8.2008, புதன்
பிடிச்சுட்டேன்! ஒரே கம்ப்யூட்டர்லேருந்து, இருபது நிமிஷத்துல, ஒன்பது கருத்து. அஞ்சுகம், அன்னபூரணி, மாரிக்கண்ணுன்னு ஆளுக்கொரு பேரு. ஆனா எல்லாத்துலயும் வரிக்கு வரி மூணு ஆச்சரியக்குறி! யாரோ ஒருத்தர் உட்கார்ந்துக்கிட்டு ஊரை ஏமாத்தப் பாக்குறார். என்கிட்டயா? முதல் மூணைப் படிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. ஒன்பதையும் தூக்கினேன். அந்தக் கம்ப்யூட்டர்லேருந்து இனி எதுவும் வராம தடுத்தும் வச்சாச்சு. பாய் “பலே”ன்னார். தோசை ரெண்டு கூடவே இறங்கிச்சு.

8.8.2008, வெள்ளி
கூடை வேணாம்: எழுபத்தொண்ணு. இருக்கட்டும்: அஞ்சு. ஜனங்க தெளிவாத்தான் இருக்காங்க.

9.8.2008, சனி
நான் பிடிச்சதா நினைச்சது மொத்தமும் தப்பு.

காலையில அலாவுதீன் பாய்க்கு ஒரு போன். கருக்களாச்சேரியில பிரௌசிங் சென்டர் வச்சிருக்கிற அல்லி. “எங்க கம்ப்யூட்டர்லேருந்து உங்க சைட்டுக்கு எதுவும் போக மாட்டேங்குதுங்க. மீன் விக்கிற அக்காங்க, எங்க கருத்து வந்துச்சான்னு தினம் வந்து கேக்குறாங்க.”

பாய் சொன்ன உடனே ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு ஓடினேன். அங்க ரெண்டே கம்ப்யூட்டர், அதுல ஒண்ணு ரிப்பேர். அக்காங்க வரிசையில நின்னு சொல்லச் சொல்ல அல்லிதான் தட்டியிருக்கா. ஆச்சரியக்குறி அவ பழக்கம்! அஞ்சுகம் அக்கா, அன்னபூரணி அக்கா எல்லாம் என் கண்ணு முன்னாடி நிக்கிறாங்க.

“அப்ப நாங்க இல்லாத ஆளுங்களா டீச்சரம்மா?”ன்னு அஞ்சுகம் அக்கா கேட்டாங்க. “அந்த பஸ்ஸை விட்டா நாங்க எப்படி அம்பகரத்தூர் போய் விக்கிறது? தலையில வச்சு நடக்கவா?” அடச்சே! யாரு என்னன்னு ஒரு வார்த்தை விசாரிச்சிருந்தா குறைஞ்சா போயிருப்பேன்?

நல்லவேளை, தூக்கினது எதுவும் அழியலை. வீட்டுக்கு வந்து ஒன்பதையும் முழுசாப் படிச்சேன். இப்பத்தான்! அல்லியோட ஆச்சரியக்குறியை எடுத்துட்டுப் பார்த்தா ஒன்பதும் ஒன்பது விதம். மாரிக்கண்ணு அக்கா அவங்க ஆளுங்களையே சாடியிருக்காங்க: “கூடையில ஐஸ் தண்ணி சொட்டுது. எங்க மேலயும் தப்பிருக்கு. மூடி போட்ட டப்பா கொண்டாறோம். இறக்கி மட்டும் விட்டுடாதீங்க.” ஒரே ஆள் ஒன்பது வேஷம் போட்டா இப்படியா எழுதுவார்? படிக்கப் படிக்க ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் துள்ளல். எல்லாத்தையும் ஏத்திட்டேன். தப்பு என்னோடதுன்னு என் பேர் போட்டு மேலேயே எழுதிட்டேன், பாரதிப்ரியான்னு முழுசா. மாரிக்கண்ணு அக்காவோடதுல மட்டும் கடைசி ரெண்டு வரியை எடுத்தேன். ரொம்ப நீளம்.

10.8.2008, ஞாயிறு
ஒரே திட்டு. “டீச்சருக்குக் கண்ணு தெரியலையா?” போட்டேன். “முதல்ல உங்களைத் தூக்கணும்.” அதையும் போட்டேன். எனக்கு வக்காலத்து வாங்கி ஒண்ணே ஒண்ணு வந்துச்சு, மீன் விக்கிறவங்களைக் கேவலமா ஏசி. அதைத் தூக்கினேன்.

சாயங்காலம் மன்சூர் அலி போன் பண்ணினார். “மூடி டப்பான்னு எழுதினது யாருங்க? அது போதுமே! டப்பாவோட வந்தா நாளையிலேருந்து ஏறட்டும்.” ஐயோ, நான் கத்தின கத்துல அம்மா அடுப்படியிலேருந்து ஓடி வந்துட்டாங்க.

12.8.2008, செவ்வாய்
பஸ்ஸுல மாரிக்கண்ணு அக்கா, கையில நீல டப்பா, மூடியோட. அஞ்சுகம் அக்கா அடையாளம் காட்ட நேரா என்கிட்ட வந்தாங்க. “அல்லி படிச்சுக் காட்டுச்சு. நான் சொன்னதுல ரெண்டு வரியைக் காணோமே?” பஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு. நீளமா இருந்துச்சுன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம், “இன்னிக்கே ஏத்திடுறேங்க்கா”ன்னு மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா அந்த ரெண்டு வரியை சைட்டுல ஏத்தினேன்: “பஸ்ஸுல வர்ற டீச்சர் ஒருத்தங்க, நாங்க ஏறினாலே பக்கத்து சீட்டுல பையைத் தூக்கி வச்சுடுறாங்க. டப்பாவுக்கு மூடி போட்டா பையை எடுப்பாங்களா?”

பையைக் காலையிலேயே எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். அக்கா அம்பகரத்தூர் வரைக்கும் என் பக்கத்துலதான் உட்கார்ந்து வந்தாங்க.