ஃபிளாஸ்க்ல இருந்தது நீ இல்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதறது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியமா இருக்கோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா இருக்கணும். சௌக்கியமான்னு கேள்வியா கேக்காம இருக்கணும்னு மட்டும் சொல்றேன் பாரு, ஏன்னா போன மாசம் வரைக்கும் விடாம அந்தக் கேள்வியையே கேட்டுக் கேட்டு உன் உயிரை வாங்கிட்டேன். டாக்டர்கிட்ட போனியா, ஸ்கேன் எடுத்தியா, எடுத்ததை இன்னொரு டாக்டர்கிட்ட காட்டினியான்னு ஒரே நச்சரிப்பு. காரணத்தைச் சொல்லு, இல்லேன்னா இனிமே இந்தப் பேச்சை எடுத்தா போனை வெச்சிடுவேன்னு நீ சொன்னே. நியாயம்தான். ஆனா போன்ல சொல்ற விஷயமா அது, உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கிட்டு நடுவுல நடுவுல குழாய் ரிப்பேர் கதையைச் சொருகுவா. அதான் உக்காந்து எழுதறேன். எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கோ.

குழாய் இன்னும் ஒழுகுதுதான். பிளம்பர் வந்து பார்த்துட்டு வாஷரை மாத்தணும்னு சொல்லிட்டுப் போனாரு, போனவரு போனவருதான். உன் அம்மாவுக்கு முட்டி வலி குறைஞ்சிருக்கு, ஆனா குறைஞ்சிருக்குன்னு ஒத்துக்கமாட்டா, ஒத்துக்கிட்டா நான் மாடிக்குத் துணி எடுக்க அனுப்பிடுவேன்னு பயம். மாப்பிள்ளை இருமல் நின்னுதா? ராத்திரி ஃபேனை அவர் தலைக்கு நேரா வெச்சுக்க வேண்டாம்னு சொல்லு. நீயும் வேலை வேலைன்னு சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. சரி, விஷயத்துக்கு வரேன், சுத்தி வளைக்கறேன்னு உனக்கே தெரிஞ்சிருக்கும்.

நீ காலேஜ் சேர்ந்த வருஷம் எங்க லேபுக்கு வந்து கைல இருந்து அரிசி அளவு தோல் குடுத்தியே, ஞாபகம் இருக்கா? ஆரோக்கியமான ஆளுங்க தோல் வேணும்னு கேட்டாங்க, நான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன், பாட்டில் கழுவற நம்ம கண்ணாடி அத்தை அவ பையனைக் கூட்டிட்டு வந்தா. நீ கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தே, அவன் ஊசியைப் பார்த்ததும் தொபுக்குன்னு விழுந்தான். இப்போ லிஃப்ட் மெக்கானிக்கா இருக்கான், பதினஞ்சு மாடிக் குழிக்குள்ள கயித்துல தொங்கறான், ஊசின்னா மட்டும் இன்னும் அதே கதைதான். அந்தத் தோல்ல இருந்து செல்லைப் பிரிச்சு, ஃபிளாஸ்க்னு சொல்ற குடுவையில வளர்த்து, நைட்ரஜன் தொட்டியில உறைய வெச்சு, வேணுங்கறப்போ எடுத்து மறுபடி வளர்க்கறது என் வேலை. எங்க மேடம் பண்ற ஆராய்ச்சிக்கு உங்க ரெண்டு பேரோட செல்தான் நல்ல செல் எப்படி இருக்கும்ங்கறதுக்கு மாதிரி. பேர் எழுதமாட்டாங்க, எண்தான் இருக்கும். ஆனா அந்தப் பெட்டியில ரெண்டே பேர், எது யாருன்னு எனக்குத் தெரியும். தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

மேடம் என்ன ஆராய்ச்சி பண்றாங்கன்னு சொன்னாதான் மிச்சம் புரியும். நல்ல செல்லுங்க ஃபிளாஸ்க் அடியில இடம் இருக்கற வரைக்கும் பெருகும். நாலு பக்கமும் பக்கத்து செல் இடிச்சுதுன்னா நின்னுடும். நெரிசலான பஸ்ல ஏறினவன் கையைக் காலைச் சுருக்கிக்கற மாதிரி. அது எப்படி அதுக்குத் தெரியுதுன்னா, செல்லோட வெளித்தோல்ல இருக்கற புரதம் பக்கத்து செல்லோட புரதத்தைப் பிடிச்சுக்கும், பிடிச்சதும் உள்ளே ஒண்ணு இன்னொண்ணைத் தட்டி, அது வேற ஒண்ணைத் தட்டி, சேதி உட்கரு வரைக்கும் போகும். அங்கே ஒரு ஜீன் திறந்து பிரேக் போடற புரதத்தைச் செய்யும். ஒவ்வொரு ஜீனும் நமக்கு ரெண்டு பிரதி, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. உன்னோடதுன்னு நான் நினைச்ச ஃபிளாஸ்க்ல செல்லுங்க சரியா நிக்கலை. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு இருந்துது. முதல்ல எனக்கு என்ன பெருமைங்கறே, என் பொண்ணு துறுதுறுன்னு வளர்றா பாருங்கன்னு எல்லார்கிட்டயும் காட்டினேன். மேடம் சிரிக்கலை. ஜீனை எடுத்துப் படிச்சுப் பார்த்தாங்க. எழுத்துல ஒரு தப்பும் இல்லை, ஆனா ஒரு பிரதி மேல பொடிப் பொடியா ரசாயன முத்திரை குத்தியிருக்கு, செல் அதைப் படிக்காமலேயே தாண்டிப் போயிடுது. முதல் முதல்ல உறைய வெச்ச குப்பியையும் எடுத்துப் பார்த்தோம், அதுலயும் அப்படியேதான். அப்போ அது ஃபிளாஸ்க்ல வந்தது இல்லை, தோல் குடுத்த ஆளோட உடம்புலயே இருக்கு. இன்னொரு பிரதி வேலை செய்யறதால இப்போ ஒண்ணும் ஆகாது, ஆயுசு பூரா ஒண்ணும் ஆகாமலே கூட இருக்கலாம். ஆனா என்னைக்காவது ஏதோ ஒரு செல்லுல அதுவும் கெட்டுதுன்னா கட்டி கிளம்பலாம். வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்தா ஆரம்பத்துலயே பிடிச்சுடலாம்னு மேடம் சொன்னாங்க. சொல்லிட்டு, தோல் குடுத்தவங்களுக்குச் சொல்லணும்னா கமிட்டி அனுமதி வேணும், எழுதிப் போட்டிருக்கேன், அது வர்ற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது, திறந்தா வேலை போயிடும்னாங்க. நான் தலையாட்டினேன். அன்னைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் உனக்குப் போன் பண்ணிட்டேன். கமிட்டியாவது மண்ணாவது.

ஆனா தைரியமா விஷயத்தையாவது சொன்னேனா? அதுவும் இல்லை. வயசாச்சு, எல்லாரும் பண்றாங்க, நீயும் பண்ணிக்கோன்னு மென்னு முழுங்கினேன். அப்பாவுக்குத்தான் ஏதோ பெரிய வியாதி, மறைக்கறாருன்னு நீ அம்மாகிட்ட அழுதியாமே. லீவு போட்டு, மாப்பிள்ளையை அலைய விட்டு, நல்லா இருக்கற உடம்பைக் கொண்டுபோய் மெஷினுக்குள்ள படுக்க வெச்சேன். ஒண்ணும் இல்லைன்னு வந்தப்புறமும் விடலை, ஆறு மாசத்துல மறுபடி எடுன்னு ஆரம்பிச்சேன். என்னை மன்னிச்சுடு கண்ணு. உன்னைப் பயமுறுத்தின பாவம் ஒரு பக்கம். அதுக்கப்புறம் நான் பண்ணினது அதைவிட மோசம்.

கட்டுரை எழுதறதுக்கு முன்னாடி செல் யாரோடதுன்னு ஒரு தடவை சரிபார்க்கறது வழக்கம். போன மாசம் பார்த்தாங்க. அதுல ஒய் குரோமோசோம் இருக்கு. ஆம்பளை செல். அப்புறம்தான் உறைச்சுது, பழைய தொட்டியில இருந்து புதுசுக்கு மாத்தினப்போ குளிர்ல உங்க ரெண்டு பேர் குப்பி வரிசைக்கும் இருந்த ஸ்டிக்கர் கழண்டு விழுந்துது, எனக்குத் தெரியாததான்னு நான்தான் ஞாபகத்துல இருந்து ஒட்டினேன். மாத்தி ஒட்டியிருக்கேன். இத்தனை வருஷமா லீவு நாள்ல கூட ஓடிப்போய், ஊட்டத் தண்ணி தீர்ந்து மஞ்சளாயிடுச்சே, பசிக்குதாடி கண்ணுன்னு நான் கொஞ்சினதெல்லாம் அந்த லிஃப்ட்காரனை! சிரிப்பு வருதில்ல? எனக்கும் வந்துது. விழுந்து விழுந்து சிரிச்சேன். என் பொண்ணு இல்லை, என் பொண்ணு இல்லைன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு கழுவற ரூமுக்குப் போனேன். அத்தை நீராவி மெஷின்ல இருந்து பாட்டிலை எடுத்து அடுக்கிக்கிட்டு இருந்தா. என்ன அண்ணே, இவ்வளவு நாளா முகம் தொங்கிப் போயிருந்துதே, இன்னைக்கு இப்படிச் சிரிக்கறீங்கன்னு கேட்டா. பொண்ணுக்கு ஒண்ணும் இல்லையாம்னு சொன்னேன். கையுறையைக் கழட்டிட்டு நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டா, கண்ணெல்லாம் தண்ணி. நல்ல சேதி, வாங்க சாப்பிடலாம்னு டப்பாவைத் திறந்து பெரிய பாதியை என் பக்கம் தள்ளினா. நானும் சாப்பிட்டேன். அது அவ பையன்னு அப்போ எனக்குத் தோணலைன்னு எழுதலாம், நீ நம்பவும் நம்புவே. தோணுச்சு கண்ணு. தோணித்தான் சாப்பிட்டேன். அவன்தான்னு தெரிஞ்சும் என் சந்தோஷம் குறையலை.

அப்புறம் எனக்குக் கமிட்டி மேல திடீர்னு மரியாதை வந்துடுச்சு. சட்டம்னா சட்டம்தானே, மேடம் எழுதிப் போட்டிருக்காங்களே, பதில் வரட்டும்னு இருந்தேன். கழுவ வேண்டிய பாட்டிலை வேற ஆள்கிட்ட குடுத்து அனுப்பினேன். என் மேல ஏதாவது கோவமா அண்ணேன்னு அத்தை ஒருநாள் வாசல்ல வந்து நின்னு கேட்டா. சளி பிடிச்சிருக்கு, உனக்கு ஒட்டிக்கும்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். போன வாரம் அவளே பேச்சை எடுத்தா. உங்க பொண்ணு எடுத்த மாதிரி நீயும் ஒரு செக்கப் எடுடான்னு பையன்கிட்ட சொன்னாளாம், நல்லா இருக்கறவனுக்கு எதுக்கும்மான்னு ஓடிட்டானாம். சொல்லிட்டுச் சிரிச்சா. விடுங்கண்ணே, கல்லைத் தின்னாலும் செரிக்கற வயசு, அவனுக்கென்னன்னா. இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும் சொல்லு. இல்லம்மா, எடுக்கச் சொல்லுன்னு ஒரு வார்த்தை, காரணம் கூடச் சொல்ல வேண்டாம், உன்கிட்ட சொன்ன அதே பொய்யைச் சொல்லியிருக்கலாம். ஆமா, அவனுக்கென்னன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நேத்து உன் அம்மாகிட்ட கொட்டிட்டேன். அவ கத்துவான்னு பார்த்தா, அரிவாள்மணையைத் தள்ளி வெச்சுட்டு, நம்ம பொண்ணுன்னு நினைச்சப்போ வீடு வந்து சேர்ற வரைக்கும் கூடப் பொறுக்காம பஸ் ஸ்டாப்புலயே போன் பண்ணினீங்க, அடுத்தவ பிள்ளைன்னதும் கமிட்டியான்னு கேட்டா. காலையில டப்பாவை என் கையில குடுத்து, அவகிட்ட சொல்லாம வீட்டுக்கு வராதீங்கன்னு கதவைச் சாத்தினா. இதுநாள் வரைக்கும் அவ இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

இன்னைக்குப் போனதும் சொல்லிட்டேன். மெஷினை நிறுத்தச் சொல்லி, கவுத்துப் போட்ட பெட்டி மேல அவளை உக்கார வெச்சு, எல்லாத்தையும் சொன்னேன். என் பையன் செத்துடுவானான்னு கேட்டா. இல்லைம்மா, வருஷத்துக்கு ஒரு ஸ்கேன், அவ்வளவுதான், மெத்தனமா இருக்கக்கூடாதுன்னு தெளிவாச் சொன்னேன். அப்புறம், உங்களுக்கு எப்போண்ணே தெரிஞ்சுதுன்னு கேட்டா. நேத்து சாயங்காலம்னு சொன்னேன், போன மாசம் நான் சிரிச்சது உன் ஸ்கேன் ரிசல்ட்டுக்குன்னுதான் அவ நினைச்சுக்கிட்டு இருக்கா. சொல்லணும்னு நினைச்சுச் சொல்லலை, வாய் முந்திக்கிச்சு. அவ எழுந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. வேலையே போயிடும்னு தெரிஞ்சும், ஒரு நாள் கூட வெச்சுக்காம ஓடி வந்து சொன்னீங்களே, கூடப் பொறந்தவன் கூடப் பண்ணமாட்டான்னு சொல்லி அழுதா. நான் கையை உருவிக்கலை. மேடம்கிட்டயும் போய்ச் சொல்லிட்டேன், திட்டினாங்க, வேலை இருக்குமா போகுமான்னு அடுத்த வாரம் தெரியும். அதைப் பத்தி நீ கவலைப்படாதே, எனக்கு அது ஒரு கவலையாவே இல்லை.

பையனுக்கு மத்தியானமே போன் போட்டுக் கேட்டதுல இந்த மாசக் கடைசியில தேதி குடுத்திருக்காங்க. மெஷின்ல ஊசி கிடையாதுன்னு அம்மாக்காரி சத்தியம் பண்ணித்தான் ஒத்துக்கிட்டானாம். ரிசல்ட் வந்ததும் அத்தை உனக்குப் போன் பண்ணுவா, உன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கிட்டா. எடுத்துப் பேசு. நீயும் பயந்தவதானே, நாலு வார்த்தை நீ ஆறுதலாச் சொன்னா அவளுக்குத் தெம்பா இருக்கும். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாம நூறு வருஷம் நல்லா இருக்கணும், அவ பிள்ளையும் இருக்கணும். உன் அம்மா ஆசீர்வாதமும் இதுல சேர்த்தி, இன்னும் என்கிட்ட சரியாப் பேசலை, உனக்கு எழுதறேன்னதும் மட்டும் வந்து பக்கத்துல உக்காந்திருக்கா. மறக்காம ஒண்ணு. அது என் பையன் செல்லுன்னு அப்பாவுக்கு எப்போம்மா தெரிஞ்சுதுன்னு அத்தை உன்கிட்ட கேட்டாலும் கேப்பா. கேட்டா போன மாசமேன்னு சொல்லிடு. நீ என் மேல இருக்கற பாசத்துல எனக்காகப் பொய் சொல்லுவே, அதுதான் எனக்குப் பயம். அதுக்குள்ள நானே அவகிட்ட சொல்லிடறேன்னு எழுதத்தான் ஆசையா இருக்கு, ஆனா அவ கையைப் பிடிச்சதுக்கப்புறம் எனக்கு இருந்த கொஞ்ச தைரியமும் போயிடுச்சு.

என்றும் உன் நலம் கேக்கற,
அப்பா